ஷாக்கிள்டன் பள்ளத்துப் பனி: ஒரே இடத்துக்கு ரேடார் சொன்ன இரண்டு பதில்கள்

1996 டிசம்பர் 3 அன்று பென்டகனில் ஒரு பத்திரிகையாளர் கூட்டம். நிலவின் தென் துருவத்தில், சூரிய வெளிச்சமே படாத பள்ளங்களுக்குள் (ஷாக்கிள்டன் அவற்றில் ஒன்று) பனி இருப்பதற்கான தடயம் கிடைத்திருக்கிறது, கிளெமென்டைன் விண்கலம் அனுப்பிய ரேடியோ அலையின் எதிரொலியில் அது தெரிகிறது என்று அறிவித்தார்கள். செய்தி பெரிதாகப் பரவியது. பத்து வருடம் கழித்து, 2006 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு கட்டுரையின் தலைப்பே தென் துருவத்தில் கெட்டியான பனிப் படிவங்களுக்கு ஆதாரம் இல்லை என்றது. இந்த இரண்டாவது அளவீட்டுக்கு விண்கலமே தேவைப்படவில்லை. போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ டிஷ்ஷிலிருந்து அலையை நிலவுக்கு அனுப்பி, திரும்பி வந்த எதிரொலியை மேற்கு வர்ஜினியாவில் உள்ள கிரீன் பேங்க் டிஷ்ஷில் பிடித்தார்கள்.

அலைநீளம் வேறாக இருந்ததால் பதில் மாறியதா என்றால் அதுவும் இல்லை. முதலாவது சுமார் 13.2 சென்டிமீட்டர், இரண்டாவது 12.6 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒன்றேதான். அப்படியானால் எங்கே பிரிந்தார்கள்? என் பார்வையில் விடை எளிது: முதல் குழுவிடம் ஓர் எண் இருந்தது, இரண்டாவது குழுவிடம் ஒரு படம் இருந்தது. படம் இருந்தால் பக்கத்து இடத்தையும் பார்க்கலாம்.

பனியை எதிர்பார்த்தது ஏன்

நிலவில் பனி என்பது 1996இல் திடீரென்று முளைத்த கற்பனை அல்ல. 1961லேயே வாட்சன், மரே, பிரவுன் மூவரும் கணக்குப் போட்டு எழுதியிருந்தார்கள். நிலவின் சுழல் அச்சு வெறும் 1.5 டிகிரிதான் சாய்ந்திருக்கிறது. அதனால் துருவத்தில் நின்று பார்த்தால் சூரியன் அடிவானத்தை ஒட்டியே சுற்றிச் சுற்றி வரும், மேலே ஏறவே ஏறாது. ஆழமான பள்ளத்தின் தரையில் கோடிக்கணக்கான வருடங்களாக வெயில் பட்டிருக்காது. வால்மீன்கள் மோதிக் கொண்டுவந்த நீர் அங்கே போய் மாட்டிக்கொண்டால் ஆவியாக வழியில்லை.

இந்த எதிர்பார்ப்பை ஏற்றிவிட்டது புதன் கிரகம். 1991இல் கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் கோல்ட்ஸ்டோன் டிஷ்ஷிலிருந்து புதனுக்கு ரேடார் அலை அனுப்பி, நியூ மெக்ஸிகோவின் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கி வரிசையில் எதிரொலியை வாங்கியபோது, வட துருவம் பளிச்சென்று மின்னியது. அரெசிபோவிலும் அதையே பார்த்தார்கள். சூரியனுக்கு அவ்வளவு பக்கத்தில் உள்ள புதனிலேயே பனி இருக்கிறதென்றால் நம் நிலவில் இருக்காதா என்று கேட்பது இயல்புதானே.

சுழற்சியை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது

சரி, ரேடார் எதிரொலியைப் பார்த்து 'இது பனி' என்று எப்படிச் சொல்கிறார்கள்? அனுப்பும் அலையைச் சுழலவிட்டு அனுப்புவார்கள், வலப்பக்கமாகச் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில் ஒருமுறை பட்டுத் திரும்பினால் சுழற்சி தலைகீழாகி இடப்பக்கமாக மாறிவிடும். இரண்டு முறை பட்டுத் திரும்பினால், கேரம் போர்டு மூலையில் இரண்டு சட்டத்திலும் முட்டி ஸ்டிரைக்கர் திரும்பி வருவதுபோல, மறுபடி மாறிப் பழைய சுழற்சிக்கே வந்துவிடும். மாறாமல் திரும்பிய சக்தியை மாறித் திரும்பிய சக்தியால் வகுத்தால் வரும் எண்ணுக்கு சிபிஆர் என்று பெயர். நிலவின் சாதாரணத் தரையில் இது ஒன்றுக்கு நன்றாகக் கீழே இருக்கும். சுத்தமான, கெட்டியான பனியில் அலை உள்ளே புகுந்து பலமுறை சிதறி வெளியே வருவதால் ஒன்றைத் தாண்டும். வியாழனின் பனி நிலவுகளான யூரோப்பா, கானிமீட் இரண்டிலும் அப்படித்தான், புதனின் துருவத்திலும் அப்படித்தான்.

இங்கேதான் சிக்கல். கேரம் போர்டு மூலைக்குப் பனி தேவையில்லை. அலைநீளத்துக்கு ஒத்த அளவில் கற்கள் சிதறிக் கிடந்தாலே போதும், தரையில் ஒருமுறை, கல்லின் பக்கவாட்டில் ஒருமுறை என்று இரண்டு முறை பட்டு சிபிஆர் ஏறிவிடும். புதிதாக உண்டான பள்ளங்களின் சுவரும் அதைச் சுற்றித் தூக்கி எறியப்பட்ட கற்குவியலும் 12.6 சென்டிமீட்டர் அலைக்குச் சரியான மூலைகள். ஆக, அதிக சிபிஆர் வந்தால் பனியாகவும் இருக்கலாம், பாறையாகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் எது என்று ஒருநாளும் தெரியாது.

கிளெமென்டைன் செய்ததும் செய்யாததும்

கிளெமென்டைனில் தனி ரேடாரே கிடையாது. பூமியோடு பேச வைத்திருந்த சில வாட் சக்தி கொண்ட ரேடியோ டிரான்ஸ்மிட்டரை 1994 ஏப்ரலில் நிலவின் துருவத்தை நோக்கித் திருப்பினார்கள். தரையில் பட்டுச் சிதறியதை நாசாவின் 70 மீட்டர் டிஷ் பூமியில் வாங்கியது. கையில் இருந்ததை வைத்துச் செய்த சாமர்த்தியமான வேலைதான், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் தென் துருவத்தின் மேலாகப் போன ஒரு சுற்றில் மட்டும்தான் பனிக்கு உரிய சாயல் தெரிந்தது, அதுவும் பெரிய பரப்பு ஒன்றின் எதிரொலியைச் சேர்த்துப் பார்த்த சராசரியாக. 1999இல் சிம்ப்சன், டைலர் இருவரும் அதே தரவை மறுபடி அலசிப் பார்த்தபோது அந்தச் சாயலை உறுதிப்படுத்த முடியவில்லை. மூல ஆசிரியர்கள் விட்டுக்கொடுக்கவில்லை, பதில் எழுதினார்கள். இரண்டு பக்கமும் ஒரே தரவை வைத்துக்கொண்டு வாதாடியதால் அது எங்கேயும் நகரவில்லை.

பூமியிலிருந்து படம் எடுப்பது

பூமியிலிருந்து நிலவுக்கு ரேடார் அனுப்பும் வேலை 1946 ஜனவரி 10 அன்றே தொடங்கிவிட்டது. நியூ ஜெர்ஸியில் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் படைப்பிரிவு 'புராஜெக்ட் டயானா' என்ற பெயரில் 111.5 மெகாஹெர்ட்ஸில் அலை அனுப்பி, இரண்டரை நொடி கழித்து எதிரொலியைக் கேட்டது. ஆனால் எதிரொலி கேட்பது வேறு, படம் எடுப்பது வேறு. அரெசிபோவின் 305 மீட்டர் டிஷ்ஷிலிருந்து போகும் கற்றை 12.6 சென்டிமீட்டரில் ஒரு டிகிரியின் முப்பதில் ஒரு பங்கு அகலம். நிலவின் தூரத்தில் அது 200 கிலோமீட்டருக்கும் மேல் விரிந்துவிடும். அப்படியிருக்க, 2006 படத்தில் 20 மீட்டர் அளவு வரை எப்படிப் பிரித்தார்கள்?

இரண்டு வழியில் பிரிக்கிறார்கள். ஒன்று தாமதம். நிலவு உருண்டை என்பதால் நமக்கு மிக அருகில் உள்ள புள்ளியின் எதிரொலி முதலில் வரும், ஓரத்தில் உள்ளது 11.6 மில்லி நொடி கழித்து வரும். நேரத்தை நுணுக்கமாக வெட்டினால் நிலவு வளையம் வளையமாகப் பிரிந்துவிடும். மற்றொன்று டாப்ளர், அதாவது நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்று மாறுவது. நிலவு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது என்று சொன்னாலும் கொஞ்சம் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது, நாமும் பூமியோடு சுழல்கிறோம். இரண்டும் சேர்ந்து பார்த்தால் நிலவு மெல்லத் திரும்புவதுபோல இருக்கும். அதன் ஓரங்கள் நமக்கு எதிராகவோ விலகியோ நகரும் வேகம் நாம் தெருவில் நடக்கும் வேகம் அளவுக்கு வரும், அவ்வளவுதான். இந்த நடை வேகம் அனுப்பிய 2380 மெகாஹெர்ட்ஸில் சில பத்து ஹெர்ட்ஸ் மாற்றத்தை உண்டாக்கும். அந்தச் சில பத்து ஹெர்ட்ஸைப் பல்லாயிரம் கூறுகளாகப் பிரித்தால் நிலவு குறுக்குவாட்டிலும் பட்டை பட்டையாகப் பிரியும். எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் தொடர்ந்து கேட்க வேண்டும். 20 மீட்டர் வேண்டுமானால் நான் போட்ட தோராயக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு அருகில் வருகிறது. அவ்வளவு நேரமும் இரண்டு டிஷ்களின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும், நிலவின் நகர்வைத் துல்லியமாகக் கழிக்க வேண்டும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரு வளையமும் ஒரு பட்டையும் ஓர் இடத்தில் மட்டும் வெட்டாது, வடக்கே ஓர் இடம், தெற்கே ஓர் இடம் என்று இரண்டில் வெட்டும். எதிரொலி எதிலிருந்து வந்தது? 1960களில் நிலவை முழுதாக நனைத்த சிறிய டிஷ்களுக்கு இது பெரிய தலைவலி. கற்றை போதுமான அளவு மெலிதாக இருந்தால் பிரச்சினை தீர்ந்துவிடும், துருவத்தைக் குறிவைத்தால் அதன் மறுபாதி இடத்தில் வெளிச்சமே விழாது. அரெசிபோ அவ்வளவு பெரிதாக இருந்ததன் பலன் இது.

கிரீன் பேங்க் எதற்கு என்று கேட்கலாம். அலை போய்த் திரும்ப இரண்டரை நொடிதான் ஆகிறது. அரெசிபோவே அனுப்பி அரெசிபோவே கேட்டால் இரண்டரை நொடி கத்திவிட்டு வாயை மூடிக் காதைத் திறக்க வேண்டும், பாதி நேரம் வீண். கேட்பதற்கென்றே வேறு டிஷ் இருந்தால் விடாமல் அனுப்பலாம், விடாமல் வாங்கலாம். 2000இல் திறக்கப்பட்ட 100 மீட்டர் கிரீன் பேங்க் டிஷ் அதற்குத் தோதாக அமைந்தது, போதாக்குறைக்கு அது ரேடியோ இரைச்சலைச் சட்டம் போட்டு அடக்கி வைத்திருக்கும் பகுதியில் இருக்கிறது.

நிழலுக்குள் எட்டிப் பார்ப்பது

எனக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதி இது. சூரியன் பார்க்காத இடத்தைப் பூமி எப்படிப் பார்க்கும்? நிலவின் சுற்றுப்பாதைச் சாய்வால் அதன் துருவங்கள் மாறி மாறி நம் பக்கம் சாய்கின்றன, உச்சத்தில் 6.7 டிகிரி வரை. அதாவது தென் துருவத்தில் நின்றால் சூரியன் 1.5 டிகிரிக்கு மேல் எழாது, ஆனால் பூமி அதைப்போல நாலு மடங்கு உயரத்துக்கு எழும். சூரியனின் பார்வைக்கு எட்டாத பள்ளச் சுவர்களில் ஒரு பகுதி பூமிக்குத் தெரியும். ரேடாரோ தன் விளக்கைத் தானே கொண்டு போகிறது. கூடவே 12.6 சென்டிமீட்டர் அலை காய்ந்த மண்ணுக்குள் ஒரு மீட்டர், அதற்கும் சற்றுக் கூடுதலாக இறங்கும்.

எந்த இடங்கள் நிரந்தர நிழல் என்பதைத் தெரிந்துகொள்ளவும் ரேடார்தான் உதவியது. 1999இல் மார்கோ தலைமையிலான குழு கோல்ட்ஸ்டோனில் 3.5 சென்டிமீட்டர் அலையை அனுப்பி, எதிரொலியை ஒரே நேரத்தில் பல டிஷ்களில் வாங்கி, அவற்றுக்கு இடையேயான நுண்ணிய வித்தியாசத்திலிருந்து துருவங்களின் மேடு பள்ளங்களை அளந்தது. அந்த உயர வரைபடத்தின் மேல் சூரியனைக் கணினியில் சுற்றவிட்டு, எங்கே வெயில் படவே படாது என்று குறித்தார்கள்.

இரண்டாவது பதில்

முதல் எச்சரிக்கை 1997லேயே வந்துவிட்டது. ஸ்டேசி, கேம்பெல், ஃபோர்ட் மூவரும் அரெசிபோவில் 125 மீட்டர் துல்லியத்தில் எடுத்த துருவப் படங்களை வெளியிட்டார்கள். அதிக சிபிஆர் கொண்ட சின்னச் சின்னத் திட்டுகள் இருந்தன, எதுவும் ஒரு சதுர கிலோமீட்டரைத் தாண்டவில்லை. அவற்றில் சில வெயில் படும் இடத்தில் இருந்தன. வெயில் படும் இடத்தில் பனி தங்காது என்பதால் அங்கே மின்னுவது பாறை. அப்படியானால் நிழலில் மின்னுவது மட்டும் ஏன் பனியாக இருக்க வேண்டும்? கிளெமென்டைன் பரபரப்பு அடங்குவதற்கு முன்பே இதை எழுதிவிட்டார்கள், ஆனால் 'பனி கிடைத்தது' என்ற செய்திக்கு உள்ள கால் 'பனி தெரியவில்லை' என்பதற்கு இல்லை.

அப்புறம் 1998இல் லூனார் பிராஸ்பெக்டர் விண்கலம் நியூட்ரான்களை எண்ணி, இரண்டு துருவங்களிலும் ஹைட்ரஜன் கூடுதலாக இருக்கிறது என்று சொன்னது. ஹைட்ரஜன் என்றால் நீராக இருக்கலாம். விவாதம் மறுபடி சூடுபிடித்தது. 2003இல் அரெசிபோ 70 சென்டிமீட்டர் அலையைப் பயன்படுத்தி இன்னும் பல மீட்டர் ஆழம் வரை பார்த்தது, கெட்டியான பனி அங்கேயும் தென்படவில்லை.

கடைசியில் 2006. டொனால்ட் கேம்பெல், புரூஸ் கேம்பெல் (இரண்டு கேம்பெல்கள், ஒருவர் கார்னெல், மற்றவர் ஸ்மித்சோனியன்), லின் கார்ட்டர், மார்கோ, ஸ்டேசி ஆகியோரின் 20 மீட்டர் படம். ஷாக்கிள்டன் 21 கிலோமீட்டர் அகலம், நாலு கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அதன் உட்சுவரில் நம் பக்கம் பார்க்கும் பகுதியில் அதிக சிபிஆர் உண்மையாகவே இருந்தது. கிளெமென்டைன் குழு பேசிய வகைச் சாயல் இல்லாமல் போகவில்லை. ஆனால் அதே அளவு சிபிஆர் நன்றாக வெயில் படும் இளம் பள்ளங்களின் சுவர்களிலும், அவற்றைச் சுற்றிய கற்குவியலிலும் இருந்தது. வெயில் படுகிறதா இல்லையா என்பதற்கும் சிபிஆருக்கும் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. பாறை எங்கே இருக்கிறதோ அங்கே மின்னியது.

இந்த ஒப்பீட்டை 1994 தரவில் செய்யவே முடியாது. படத்தில் ஒவ்வொரு திட்டும் எந்தச் சுவரில், எந்தச் சரிவில், எந்தப் பள்ளத்தின் கற்குவியலில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் 'இதேபோல வெயிலில் உள்ளது எது' என்று தேடமுடியும். புதனில் இந்தச் சந்தேகம் பெரிதாக எழாததற்கும் காரணம் இதுதான்: அங்கே மின்னுவது துருவப் பள்ளங்களின் நிழலோடு கச்சிதமாகப் பொருந்தியது.

அந்தக் கட்டுரை நிலவில் நீரே இல்லை என்று சொல்லவில்லை, இதைப் பலரும் தவறாகவே எடுத்துக்கொண்டார்கள். லூனார் பிராஸ்பெக்டர் பார்த்த ஹைட்ரஜன் நீர்தான் என்றால், அது மண்ணோடு கலந்த சிறு துகள்களாகத்தான் இருக்க வேண்டும், பாளம் பாளமாக அல்ல என்றார்கள். துகளாகக் கலந்த பனி ரேடாருக்குச் சாதாரண மண்ணைப் போலத்தான் தெரியும். அதோடு ஷாக்கிள்டனின் தரையை அவர்கள் பார்க்கவே இல்லை, பூமி எவ்வளவு உயர எழுந்தாலும் அந்த ஆழத்துக்குப் பார்வை இறங்காது.

பிறகு வந்தவை

ஜப்பானின் காகுயா விண்கலம், சுவரின் மேல்பகுதியில் பட்டுச் சிதறிய மங்கலான ஒளியில் ஷாக்கிள்டன் தரையை எடுத்த படம் 2008இல் வெளியானது. பளிச்சென்ற பனிப்பரப்பு எதுவும் இல்லை. 2009 அக்டோபர் 9 அன்று நாசாவின் எல்கிராஸ் திட்டத்தில் ஒரு ராக்கெட் பாகத்தை கேபியஸ் பள்ளத்தில் மோதவிட்டு எழுந்த தூசியை அளந்தார்கள், எடையில் சுமார் 5.6 சதவீதம் நீர். மண்ணோடு கலந்த பனி என்ற கணிப்போடு இது ஒத்துப்போகிறது என்றே நான் பார்க்கிறேன்.

எல்லாரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. சந்திரயான்-1இல் போன மினி-சார் என்ற நாசா ரேடார் வட துருவத்தில் 40க்கும் மேற்பட்ட சிறு பள்ளங்களில் ஒரு விநோதத்தைக் காட்டியது: பள்ளத்துக்கு உள்ளே சிபிஆர் அதிகம், விளிம்புக்கு வெளியே குறைவு. கற்கள் என்றால் வெளியேயும் சிதறியிருக்க வேண்டாமா, ஆகவே உள்ளே பனி என்று 2010இல் ஸ்புடிஸ் குழு வாதிட்டது. நல்ல வாதம்தான். ஆனால் வெளியே உள்ள கற்கள் காலப்போக்கில் பொடிந்து மறைய, செங்குத்தான உட்சுவர் மட்டும் புதிய கற்களை உதிர்த்துக்கொண்டே இருக்கலாம். துருவத்துக்கு வெகு தொலைவில், பனிக்கு வாய்ப்பே இல்லாத இடங்களிலும் இப்படிப்பட்ட பள்ளங்கள் இருப்பதை 2013இல் வந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. மறுபடி அதே ஒப்பீடு, அதே விடை.

சந்திரயான்-1 பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த அந்த விண்கலத்தோடு 2009 ஆகஸ்ட்டில் தொடர்பு அறுந்தது. 2016 ஜூலையில் கோல்ட்ஸ்டோனிலிருந்து அலையை நிலவின் வட துருவத்துக்கு மேலே அனுப்பி கிரீன் பேங்க்கில் கேட்டபோது, ஒன்றரை மீட்டர் பெட்டி ஒன்று நாலு மணி நேரத்தில் இரண்டு முறை கற்றையைக் கடந்தது. சுற்ற ஆன நேரம் 2 மணி 8 நிமிடம், செத்துப்போன சந்திரயான்-1 தான் அது. துருவங்களைப் படம் எடுக்கும் அதே உத்தி, இலக்குதான் வேறு. நம் ஊட்டி ரேடியோ தொலைநோக்கிக்கும் நிலவோடு உறவு உண்டு, ஆனால் அது நேர் எதிர்: 1970 முதல் முத்தோரையில் நிற்கும் அந்த 530 மீட்டர் நீள ஆன்டெனா நிலவுக்கு அலை எதுவும் அனுப்பவில்லை. தூரத்து ரேடியோ மூலங்களை நிலவு கடந்து மறைக்கும் கணத்தை வைத்து அவற்றின் இடத்தையும் அளவையும் கணிக்கவே கட்டப்பட்டது.

2006 அளவீட்டை இன்று அப்படியே திரும்பச் செய்ய முடியாது. 2020 ஆகஸ்ட்டிலும் நவம்பரிலும் கேபிள்கள் அறுந்து, டிசம்பர் 1 அன்று அரெசிபோவின் கருவி மேடை டிஷ்ஷின் மேல் விழுந்து நொறுங்கியது. கிரீன் பேங்க்கில் 700 வாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்றைப் பொருத்தி, 13.9 கிகாஹெர்ட்ஸில் நிலவுக்கு அனுப்பி, அமெரிக்கா முழுக்கப் பரவிய விஎல்பிஏ டிஷ்களில் எதிரொலியை வாங்கிப் பார்த்தார்கள். டைக்கோ பள்ளத்தின் படம் 5 மீட்டர் துல்லியத்தில் வந்தது. அரெசிபோ மெகாவாட் கணக்கில் கொட்டியதை நினைத்தால் 700 வாட்டில் இது பெரிய விஷயம். ஆனால் சுமார் இரண்டு சென்டிமீட்டர் அலைநீளம் மண்ணுக்குள் அவ்வளவு ஆழம் இறங்காது, மேற்பரப்புக் கற்களைத்தான் நன்றாகக் காட்டும்.

ஆழம் பார்க்கும் வேலை இப்போது சந்திரயான்-2 ஆர்பிட்டரில் உள்ள ரேடாரிடம் இருக்கிறது. அது 12, 24 சென்டிமீட்டர் அளவில் இரண்டு அலைநீளங்களில் பார்க்கிறது, சுழற்சி விகிதம் என்ற ஒற்றை எண்ணோடு நிற்காமல் எதிரொலியின் முழுத் தன்மையையும் பதிவு செய்கிறது. அதற்கு அடுத்து இஸ்ரோவும் ஜப்பானின் ஜாக்ஸாவும் சேர்ந்து லூபெக்ஸ் திட்டத்தில் ஒரு ரோவரைத் தென் துருவத்துக்கு அனுப்பி, ஒன்றரை மீட்டர் ஆழம் வரை துளையிட்டு மண்ணை எடுத்துச் சோதிக்கத் திட்டமிட்டிருக்கின்றன. அரெசிபோவின் 12.6 சென்டிமீட்டர் அலை பார்த்ததும் ஏறக்குறைய அந்த ஆழத்தைத்தான்.